ஆணழகனுக்கு அப்புச்சி சொன்னது

வா கண்ணு, பாத்து வா. வாசக்கால் உன்ற அகலத்துக்கு வெச்சதில்ல, அந்தக் காலத்து ஆளுங்க அளவுக்கு வெச்சது. கையை மடக்கிக் காட்டு பாக்கலாம். அட கெரகமே! இது கையா, தொடையா? போன தீபாவளிக்குச் சட்டை தொளதொளன்னு தொங்க நின்ன பையன். கம்மங்களியும் கொள்ளுப் பருப்பும் இவ்வளவு சீக்கிரமா இந்த வேலை பாக்காதே! ஜிம் மாஸ்டர் வாரத்துக்கு ஒரு ஊசி போடறாராமா? உன்ற அக்கா சொன்னா. மொறைக்காத. நாள் முழுக்க லேப்புல மைக்ரோஸ்கோப்பை வெச்சு விந்துல அணு தேடறவளுக்கு, உன்ற பையில கெடந்த மருந்துக் குப்பி கண்ணுல படாமயா போகும்?

நான் குத்தம் சொல்லல சாமி. பெருமையாத்தான் இருக்குது. கல்யாணத்துக்கு முன்னாடியே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டவன் நம்ம வகையறாவுல நீதான் மொதல்ல.

முழிக்காத. 1990-ல உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டுச்சு. ஏழு நாட்டுல, ஒடம்புல ஒரு கொறையும் இல்லாத 271 ஆம்பளைங்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், உனக்குப் போடற அதே ஆம்பளை ஹார்மோன் ஊசி. எதுக்கு? புஜம் பெருக்க இல்ல, ஆம்பளைக்கும் ஒரு கருத்தடை ஊசி ஆகுமான்னு பாக்க. ஆறு மாசத்துல 157 பேருக்கு விந்துல அணு சுத்தமாப் பூஜ்யம். அவங்க ஊசியை மட்டும் நம்பி மேக்கொண்டு ஒரு வருசம் வரைக்கும் குடும்பம் நடத்தினதுல ஒரே ஒரு கர்ப்பம். போட்டிக்குப் போறவங்க அதைப்போலப் பல மடங்கு போடறாங்க, கூட டெக்கா, டையனபால்னு வேற ஸ்டீராய்டையும் சேத்துக்கறாங்க. சர்க்கார் ஆஸ்பத்திரியில இலவசமாச் செஞ்சு கையில காசும் குடுத்து அனுப்பற காரியத்துக்கு, நீ மாசாமாசம் சம்பளத்தைக் கொட்டியிருக்க.

எப்படின்னு கேளு. இதுக்கெல்லாம் அதிகாரம் கீழ இல்ல, தலைக்குள்ள. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவு ஒரு சுரப்பி. எல்.எச்., எஃப்.எஸ்.எச்.னு ரெண்டை ரத்தத்துல விடும். ஒண்ணு விதையில டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும், இன்னொண்ணு அணுவை வளக்கற செல்லை உசுப்பும். நீ வெளியில இருந்து ஏத்தினதும் ரத்தத்துல அளவு எகிறுதா, 'இவ்வளவு இருக்கறப்ப நான் எதுக்கு'ன்னு மூளை ரெண்டையும் நிறுத்திப்போடும். விதைக்குள்ள, ரத்தத்துல இருக்கறதைவிடப் பல பத்து மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்தாத்தான் அணு வெளையும். ஊசி மருந்து அந்த அளவுக்கு அங்க போய்ச் சேராது. வேலை இல்லாத விதை சுருங்கிப்போகும்.

கண்ணபுரம் சந்தையில பொலிகாளை பிடிக்கறவன் திமிலைத் தட்டிப் பாத்துட்டு மட்டும் மடியை அவுக்க மாட்டான். பின்னால போய்க் குனிஞ்சும் பாப்பான். உன்னை அங்க கட்டினா, முன்னால நின்னவன் லட்ச ரூவா சொல்லுவான். பின்னால போனவன் 'வண்டிக்கு ஆகும்'னு சொல்லிட்டு நடையைக் கட்டுவான்.

மிஞ்சின டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கை ஒடம்பு ஈஸ்ட்ரஜனா மாத்தும், பொம்பளைங்களுக்கு நெறையச் சுரக்கறது அது. சில பசங்களுக்கு மார்பு வலிச்சு முளைக்கறது அதனாலதான். நெஞ்சைக் காட்டறதுக்குப் போனவன் துண்டைப் போத்திக்கிட்டு வர்றான்.

இங்கிலாந்து ஷெஃபீல்டுல கொழந்தை இல்லைன்னு பரிசோதனைக்கு வந்தவங்கள்ல சில பேரு பெரிய பயில்வானா இருக்கறதை ஜேம்ஸ் மாஸ்மேன்னு ஒருத்தர் கவனிச்சாரு. அவர் பேரையும் ஆலன் பேசிங்கற பேராசிரியர் பேரையும் சேத்து, 2019-ல இதை 'மாஸ்மேன்–பேசி முரண்'னு பேசினாங்க. பொண்ணுங்க கண்ணுக்கு ஆம்பளையாத் தெரியறதுக்குச் செய்யறதே வம்சத்தை அடைக்குதுங்கறது அதோட சாரம். நம்மூர்ல இதுக்கு வேற பேர் உண்டு, சபையில சொல்ல முடியாது.

இதுல எனக்குச் சிரிப்பு வராத எடம் ஒண்ணு இருக்குது. நாளைக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசம் ஒண்ணும் நடக்கலைன்னா, இந்தப் புஜத்தை எவன் சந்தேகப்படுவான்? வந்த புள்ளையைத்தான் அரச மரத்தைச் சுத்த விடுவாங்க. ஸ்கேன், மாத்திரை, ஒறம்பரை பேச்சு, வளைகாப்புல முன்னால நிக்காதேங்கறது, எல்லாம் அவளுக்கு. நீ ஒரு டப்பாவுல சாம்பிள் குடுத்துட்டு வர ஒரு மணி நேரம் போதும், அதுக்கு உனக்கு வெக்கம் வந்துரும். இன்னும் சில மேதாவிங்க, அணு இல்லைன்னு தெரிஞ்சதும் தெம்பு ஏத்தறேன்னு அதே ஊசியை இன்னொண்ணு குத்திக்கறாங்க.

நிறுத்தினா திரும்ப வருமான்னா, பெரும்பாலும் வரும். கருத்தடைச் சோதனைகள்ல இருந்தவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு ஒரு வருசத்துல திரும்புச்சு, மத்தவங்களுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் ஆச்சு. அது அளந்து போட்டவங்க கணக்கு. வருசக்கணக்கா அள்ளிப் போட்டவங்களுக்கு இன்னும் இழுக்கும், சிலருக்கு முழுசா வர்றதே இல்ல. நிறுத்தின புதுசுல ஊசியும் இல்ல, உள்ளயும் சுரக்காது. ஒடம்பு சோரும், மனசு கெட்டுப்போகும், கட்டில் பக்கமே எண்ணம் போகாது. அப்பத்தான் பல பேரு திரும்ப மாஸ்டர்கிட்ட ஓடறது. அவர் 'போஸ்ட் சைக்கிள்'னு நீட்டற மாத்திரையை வாங்காம, ஹார்மோன் டாக்டரைப் பாரு. அவர் எச்.சி.ஜி. ஊசி எழுதினாலும் எழுதுவாரு. அது கர்ப்பிணிங்க ஒடம்புல சுரக்கறது. அவங்க மூத்திரத்துல இருந்து பிரிச்செடுத்து மருந்தாக்கினாங்க. இம்புட்டு வீரம் காட்டினவனைத் திருப்பி ஆம்பளையாக்க ஒரு மாசமான பொம்பளை மூத்திரம் வேண்டியிருக்குது பாரு!

அக்கா லேப்புக்குப் போகக் கூச்சமா இருந்தா வேற ஊருக்குப் போ. போறதுக்கு முன்னால 2 நாளுக்குக் கொறையாம, 7 நாளுக்கு மிஞ்சாம கையைக் கட்டிக்கிட்டு இருக்கோணும். அணு மொளைச்சு முழுசா வர 70 நாளுக்கு மேல ஆகும், அதனால இந்த மாசம் நிறுத்திட்டு அடுத்த மாசம் ரிப்போர்ட்டைப் பாத்து அழுகாத. ஆவணியில பொண்ணு பாக்கப் போலாமுன்னு தரகர் ஒத்தைக் கால்ல நிக்கறாரு. அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன், பையனுக்கு இன்னும் குருபலன் வரலீங்கன்னு.