வேனிற்கால விளையாட்டாக்கம்: பாலைத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

பிளஸ் டூ தேர்வு முடிந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு மாணவன் வீட்டில் என்ன செய்கிறான் என்பது தமிழாய்வுலகம் இன்னும் கைவைக்காத களம். அவன் வீடியோ கேம் உருவாக்கம் படிக்கப் போகிறவன் என்றால் களம் மேலும் இருண்டது; அறைக்கதவு சாத்தியிருக்கும். இக்குறையைப் போக்கும் பொருட்டுப் பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டில் ஏப்ரல், மே மாத ஞாயிறுகளில், மதியச் சாப்பாட்டுடன் கூடிய கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மாதிரி அளவு: ஒன்று. ஆய்வு அறம் கருதி அக்கா மகனின் பெயர் மறைக்கப்பட்டு, இனி அவன் 'மாதிரி' என்றே குறிக்கப்படுவான். சம்மதமா என்று அவனிடம் கேட்டபோது காதில் ஹெட்போன் இருந்தது. மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

திணை பாலை என்பதில் ஐயமில்லை. பெரும்பொழுது வேனில். சிறுபொழுது நண்பகல், மாதிரி எழுந்திருப்பதே அப்போதுதான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்பார்கள். இங்கே மாடிப் படுக்கையறை திரிந்தது. கருப்பொருள்களில் துடிப்பறை இருந்த இடத்தில் லேப்டாப்பின் ஃபேன். கத்திரி வெயிலில் அது போடும் சத்தம் எதிர்வீட்டு மிக்ஸியைத் தோற்கடித்ததை நானே கேட்டேன். பாலை நிலத்தாருக்கு இலக்கணம் விதித்த உணவு வழிப்பறியிலும் சூறையாடலிலும் கிடைத்த பொருள். நள்ளிரவில் ஃபிரிட்ஜிலிருந்து மறைந்த இரண்டு பங்கனபள்ளி மாம்பழங்களை இவ்வகையில் சேர்த்திருக்கிறேன்.

உரிப்பொருள் பிரிவு. நற்றாய் கூற்று வருமாறு: "வீட்டுக்குள்ளதான் இருக்கான். மொகத்தப் பாத்து நாலு நாளாச்சு." இது எவ்வகைப் பிரிவு என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓதற்பிரிவு என்பது மாதிரியின் கட்சி. பொருள்வயிற் பிரிவு என்பது அத்தானின் கட்சி. பிரிந்தது தன் பொருள் என்பதற்குச் சான்றாக அவர் கல்லூரிக் கட்டண ரசீதை எடுத்துக் காட்டினார். ஆச்சி, அதாவது என் அம்மா, இரண்டு கட்சியிலும் சேரவில்லை. "வெளாடுததுக்குக் காலேஜா? அதுக்கு ஃபீஸ் வேற வாங்குதானா?" என்பது அவர் எழுப்பிய வினா. ஆய்வு முடியும்வரை அதற்கு எவரும் விடை தரவில்லை.

இனி தயாரிப்பு. அதன் முதற்கட்டம் எஞ்சின், அதாவது ஆட்டம் கட்டும் மென்பொருள், தேர்வு. யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா என்று ஒப்பிடும் காணொளிகளைப் பார்ப்பதற்கு மாதிரி மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். அந்த மூன்று வாரத்தில் மூன்றில் எதையும் திறக்கவில்லை. முடிவில் அன்ரியல் வென்றது. இறக்க வேண்டியது சுமார் 40 ஜிபி. வீட்டில் இருப்பது நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ். மற்ற எல்லாவற்றையும் துறந்தாலும் இருபது நாள் தவம். ரீல்ஸ் பார்ப்பதைத் துறக்க மாதிரி ஒப்பாததால் தவம் நீண்டது. காத்திருக்கும் நேரத்தில் கோடோவை இறக்கினான். அது சில நிமிட வேலை. அர்ஜென்டினாக்காரர் இருவர், ஹுவான் லினியட்ஸ்கியும் அரியல் மன்சூரும், உருவாக்கி 2014-இல் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்ட எஞ்சின் அது. பெயர் சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்திலிருந்து வந்தது. அதில் இருவர் காத்திருக்கிறார்கள், வர வேண்டியவர் வருவதே இல்லை. அன்ரியலுக்காகக் காத்திருப்பவன் கையில் கோடோ அகப்பட்டதை ஊழ் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பிளெண்டர் பருவம் ஒன்றும் உண்டு. அந்த முப்பரிமாண மென்பொருளைத் திறந்தால் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கனசதுரம் நிற்கும். கற்கப் புகுவோர் முதலில் அதை அழிப்பார்கள், பிறகு டோனட் செய்வார்கள். இது ஏறக்குறைய மரபாகிவிட்டது. மாதிரியும் அழித்தான், செய்தான். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மெதுவடையா?" "டோனட் ஆச்சி." "மெதுவடைதாம்ல. மேல என்னத்தையோ ஊத்திக் கெடுத்திருக்க."

இவ்விடத்தில் வரலாறு குறுக்கிடுகிறது. 1972-இல் அட்டாரியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குக் கைப்பழக்கத்துக்காக ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு பந்து, இரண்டு மட்டை. அந்தப் பயிற்சிதான் பாங். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் டெட்ரிஸ் செய்த கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகளாக்கினார். இவர்கள் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு நல்லது என்று விசாரித்ததாகக் குறிப்பில்லை. இதை மாதிரியிடம் சொன்னேன். ஹெட்போன்.

மே மூன்றாம் ஞாயிறு மாற்றம் நிகழ்ந்தது. கரண்ட் போயிருந்தது, சிக்னலும் இல்லை, லேப்டாப்பில் மட்டும் ஒன்றரை மணி நேரச் சார்ஜ். வேறு வழியில்லாமல் மாதிரி வேலை செய்தான். ஒரு சிவப்புச் சதுரம், அதுதான் கதாநாயகன். அம்புக்குறியை அமுக்கினால் நடப்பான், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குதிப்பான். கோடோ தரும் டெம்ப்ளேட் ஸ்கிரிப்டில் நடைவேகம் நொடிக்கு 300 பிக்சல், குதிக்கும் வேகம் கழித்தல் 400. திரையில் கீழ்நோக்கி எண்ண வேண்டும் என்பதால் கழித்தல். ஈர்ப்பு 980. பிளஸ் ஒன் இயற்பியலில் நாம் 9.8 என்று எழுதி மதிப்பெண் வாங்கிய அதே ஆசாமி, இங்கே நூறு மடங்கு தடித்து வந்திருக்கிறார். வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இரட்டிப்பால் வகுத்தால் குதிக்கும் உயரம் 81.6 பிக்சல். "மாமா, எறிபொருள் இயக்கம்!" என்றான் மாதிரி. ஹெட்போன் கழற்றப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நடுவே ஒரு குழி வைத்து, ஆச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். ஆச்சிக்கு வயது எழுபத்திரண்டு. மூன்று புலியும் பதினைந்து ஆடுமாக ஆடுபுலி ஆட்டத்தில் தெருவையே கட்டியவர். முதல் அமுக்கில் சதுரன் குழிக்குள் போனான், போய்க்கொண்டே இருந்தான்.

"ஏல, எங்கல போறான்?"

"கீழ ஆச்சி."

"கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணும் போடல."

"அப்பம் எங்க போயி நிப்பான்?"

மாதிரி யோசித்தான். "நிக்கவே மாட்டான்."

விழுந்தவன் மீண்டும் தொடக்கத்துக்கே வரும்படி திருத்தப்பட்டது. ஆச்சி பதினான்கு முறை விழுந்தார். நான் எண்ணினேன். பதினைந்தாவதில் விசைப்பலகையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நான் அமுக்கத்தாம்ல செஞ்சேன், இவந்தான் குதிக்கல. ஆட்டை வெட்டுக் குடுத்தா தப்பு யாருதுன்னு ஆடுதவனுக்குத் தெரியணும். இதுல தெரியல."

இந்த ஆய்வில் பாடப்புத்தகத் தகுதி உள்ள ஒரே வாக்கியம் இதுதான். சொன்னவர் ஆய்வாளர் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறி இறங்க 0.82 நொடி, அதற்குள் முன்னே போகும் தூரம் 245 பிக்சல். ஆளின் அகலம் போகக் குழியில் தாண்ட வேண்டியது 240. மிச்சம் 5 பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் 5 பிக்சல் என்பது ஒரே ஒரு ஃப்ரேம். ஆச்சியின் விரல் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கைக் குறிபார்க்க வேண்டியிருந்தது. தப்பு ஆச்சியுடையதல்ல என்று தீர்ப்பாயிற்று.

இதற்குத் தொழிலில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் பரிகாரம் ஒன்று உண்டு: கயோட்டி டைம். ரோட் ரன்னர் கார்ட்டூனில் மலைவிளிம்பு தாண்டியும் ஒரு கணம் காற்றில் ஓடும் ஓநாய் வகையறாப் பிராணியின் பெயரால் வழங்குவது. கால் தரையை விட்ட பிறகும் 0.1 நொடிக்குள் அமுக்கினால் குதிக்கவிட வேண்டும். ஆடுபவர் கண்ணுக்கு இந்தச் சலுகை தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு ஃப்ரேமாக இருந்த இடம் ஏழு ஃப்ரேமாக விரிந்தது. சார்ஜ் நான்கு சதவீதத்தில் இருக்கும்போது மாதிரி அதை எழுதி முடித்தான்.

மூன்றாவது முயற்சியில் ஆச்சி தாண்டினார்.

கல்லூரி திறக்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அன்ரியல் 83 சதவீதத்தில் நிற்கிறது. ஆச்சி தினமும் மதியம் மாடியேறி வந்து, குழியைத் தாண்டி நின்றுகொண்டு, "அங்கிட்டு என்னல இருக்கு?" என்று கேட்கிறார். அங்கிட்டு மாதிரி இன்னும் ஒன்றும் போடவில்லை.