பத்து மாத அட்வான்ஸ்

சென்னைக்கு வேலை மாறி வருபவருக்கு, ஓ.எம்.ஆர். வாடகையைக் கேட்டதும் வடசென்னை மீது திடீர்ப் பாசம் பொங்கும். பொங்கட்டும். ராயபுரத்தில் 1856-இல் திறந்த ரயில் நிலையம் இருக்கிறது. பக்கத்து வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவும் வந்துவிட்டது. வீடுதான் கொஞ்சம் பழசு. மாடிப்படியில் ஒருவர் இறங்கிய பிறகே மற்றவர் ஏறலாம். கார் இருந்தால் அதற்குத் தனியாக வீடு பார்க்க வேண்டும். (தண்ணீர் லாரியைக் குறை சொல்ல மாட்டேன், அது ஓ.எம்.ஆருக்கும் வருகிறது.)

வீட்டுக்காரர் சாதி, சாப்பாடு, கல்யாணம் எல்லாம் விசாரித்து முடித்து, “பத்து மாத அட்வான்ஸ்” என்பார். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர’ என்றும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுக்காரர்கள் சட்டத்தில் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.