மாப்ள தலைவராகப் போறாரு

ஏ மாப்ள, பஸ் ஸ்டாப்புல ஒன் பிளெக்ஸைப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஒன் படம் பத்தடி, காமராசர் படம் ஒரு சாண். கீழ 'இளைய காமராசரே'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பஞ்சாயத்துத் தலைவர்களோட காலம் 2025 சனவரியில முடிஞ்சு, தனி அலுவலர் கைக்கு எல்லாம் போனதுல இருந்தே ஒனக்குக் கால் தரையில பாவலைன்னு ஊருக்குள்ள பேச்சு. நில்லுப்பா, யாரு வேணாங்கா? எம்பது வயசுக் கெழவன், தாய்மாமன், ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். கேக்குறதுக்குக் காசா பணமா?

மொதல்ல அந்தக் காமராசர் படத்தை எடுத்துரு. பாக்குறதுக்கு நல்ல படம், ஓட்டுக்கு ஆகாத படம். 1967ல இதே விருதுநகர்ல, பொறந்த ஊர்ல, மாணவர் தலைவர் சீனிவாசன்கிட்ட 1,285 ஓட்டுல தோத்துப் போனாரு. அன்னைக்கு அரிசிக்கு அலைஞ்சோம், இந்திச் சண்டை வேற. ரூபாய்க்கு ஒரு படின்னு ஒருத்தன் சொன்னா வயிறு காஞ்சவன் திரும்பிப் பாக்கத்தான் செய்வான். அதைக் குத்தம் சொல்லலை. ஆனா ஒண்ணு கவனிச்சியா? இன்னைக்கு என் வயசுக் கெழவன் எவனைக் கேட்டாலும், "நான் ஐயாவுக்குத்தான் போட்டேன்"ங்கான். அத்தனை பேரும் ஐயாவுக்குப் போட்டிருந்தா அவர் எப்படித் தோத்தாரு? நான் யாருக்குப் போட்டேன்னு மட்டும் கேக்காத. ரகசிய வாக்குன்னு சட்டமே சொல்லுது.

சரி, அவருக்கு முந்தி ஓமந்தூரார்னு ஒரு ரெட்டியார் இருந்தாரே, தெரியுமா? தெரியாது. ஒன் போன்ல அவர் ரீல்ஸ் வராது. 1947ல மெட்ராஸ் மாகாணத்துக்கே முதல் மந்திரி. விவசாயி. கோயிலுக்குள்ள எல்லாச் சாதியும் போகச் சட்டம், பொட்டுக்கட்டுறதை நிறுத்தச் சட்டம், ஜமீனை ஒழிக்கச் சட்டம், எல்லாம் ரெண்டு வருசத்துக்குள்ள கொண்டுவந்தாரு. எதிர்க்கட்சியா அவரை எறக்குச்சு? சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள். அவர் செஞ்ச பாவம் ஒண்ணுதான்: எவன் சிபாரிசுக்கும் வளையலை. ஆபீசர்கிட்டப் போய் அதை முடிச்சுக்குடு, இதை மாத்திக்குடுன்னு நிக்காதீகன்னுட்டாரு. அப்படிப்பட்ட மனுசனை வச்சுக்கிட்டு எம்.எல்.ஏ. தொகுதியில தலை காட்ட முடியுமா? 1949ல எறக்கிட்டாக. அவரும் மேடைக்கு மேடை அழுதுக்கிட்டுத் திரியலை. வடலூர்ல வள்ளலார் பேர்ல பிள்ளைகளுக்குக் குருகுலம் நடத்தப் போயிட்டாரு.

அடுத்து வந்தது நம்ம ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. அவரும் 1952ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல தோத்தாரு. ராஜபாளையத்துல காந்தி கலை மன்றம் இருக்கே, அது அவர் குடியிருந்த வீடு. முதல் மந்திரியா இருந்தவரு குடியிருந்த வீட்டையே ஊருக்கு எழுதி வச்சிருக்காரு. நீ இன்னும் வார்டு மெம்பர் கூட ஆகலை, அதுக்குள்ள மந்தைப் பொறம்போக்குல கல்லு ஊண்டியிருக்கியாம். ஆடு கட்டத்தான்னு சொன்னாக. ஆட்டுக்கு எதுக்குப்பா ஷட்டர் கதவு?

கோவிச்சுக்காத. ஒன்னையச் சொல்லி என்ன செய்ய? ஊரு லட்சணம் அப்படி. நல்ல தலைவன் இல்லையே, நல்ல தலைவன் இல்லையேன்னு டீக்கடையில ஒப்பாரி வைக்கிறானே, அவனையே கேட்டுப் பாரு. தலைவன் ஊருக்கெல்லாம் யோக்கியனா இருக்கணும், இவன் மகன் வேலைக்கு மட்டும் ஒரு போன் போடணும். அடுத்தவன் பட்டாவை வரிக்கு வரி பாக்கணும், இவன் பட்டாவைக் கண்ணை மூடிக்கிட்டு மாத்திக்குடுக்கணும். அப்படி ஒரு பெறவி இதுவரைக்கும் பொறக்கலை. பொறந்தா மொத மாலை நான் போடுதேன்.

விருதுநகர்ல காமராசர் வீட்டை இன்னைக்கும் அப்படியே வச்சிருக்காக. ஒரு தடவை போயிட்டு வா, பிளெக்ஸ் அடிச்ச காசுல பஸ்ஸுக்கு எடுத்துக்கோ. அந்த வீட்டுல அவுக அம்மா சிவகாமி தனியா இருந்தாக. வயசான அம்மா தெருக்குழாய்க்கு நடக்க வேணாம்னு முனிசிபாலிட்டிக்காரன் வீட்டுக்குள்ளயே குழாய் போட்டுக் குடுத்தானாம். தெரிஞ்சதும் பிடுங்கச் சொல்லிட்டாராம் மகன். எங்க பக்கத்துல பாலு குடிக்கிற பிள்ளைக்குக் கூடச் சொல்ற கதை. நேத்து நீயும் மைக்கைப் பிடிச்சுச் சொன்னியே, தொண்டை தழுதழுக்க. நான் சாவடித் திண்ணையில இருந்து கேட்டேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

அப்பத்தான் ஒன் வீட்டுப் பக்கம் இருந்து 'உர்'ருன்னு ஒரு சத்தம். கூட்டுக் குடிநீர் வர்ற நேரம். பஞ்சாயத்துக் குழாய்ல அரை எச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சுதா என் மருமக. கீழத்தெருவுல பொம்பளைக கொடத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, குழாய்ல வெறுங்காத்துத்தான் வருது. நீ மேடையில குழாயைப் பிடுங்குன கதையை முடிக்கவும், அங்க மாடியில ஒன் தொட்டி நெறைஞ்சு வழியவும் சரியா இருந்துச்சு. கட்சிக்காரன் கை தட்டுனான். கீழத்தெரு தட்டலை.

இதுக்கெல்லாம் ஓட்டுக் கொறையுமான்னு கேக்குறியா? கொறையாது. அந்த தைரியம் ஒனக்கு இருக்கட்டும். 2009ல பக்கத்துத் திருமங்கலத்துல இடைத்தேர்தல் நடந்துச்சே, அதுல இருந்து 'திருமங்கலம் பார்முலா'ன்னு நாட்டுக்கே ஒரு பேரு குடுத்துட்டோம். பணம் அளவுக்கு மேல பொழங்குதுன்னு 2017ல ஆர்.கே. நகர் தேர்தலையே ரத்துப் பண்ணுனாக. 2019ல வேலூர் பார்லிமெண்டுத் தேர்தலும் அப்படித்தான். ரத்தானப்ப சனங்க என்ன பேசுனாகங்கிற? மானம் போச்சுன்னா? திரும்ப நடத்தும்போது திரும்பக் குடுப்பாகளான்னு கேட்டாக.

சந்தையில ஒரு காளை வாங்கணும்னா நம்மாளு பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்பான், வித்தவன் ஊர்ல போய் முட்டுமான்னு விசாரிப்பான். அஞ்சு வருசத்துக்கு ஊரை ஓட்டப் போறவனுக்கு எவன் சுழி பாக்குறான்? எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் நிக்கிறவன் தன் மேல என்ன கேசு, எவ்வளவு சொத்துன்னு எழுதிக்குடுக்கணும்னு 2002லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. போன்லயே பாக்கலாமாம், வாத்தியார் மகன் காட்டுனான். எழுத்துப் பொடிசா இருந்துச்சு. கேசை எண்ணிக்கிட்டே வந்தேன், பாதியில சார்ஜ் எறங்கிருச்சு.

அதனால மாப்ள, நீ செயிச்சிருவ. எனக்குச் சந்தேகமே இல்லை. கவருக்கு வழி பண்ணிரு, வீட்டுக்கு எத்தனை ஓட்டுன்னு சரியா எழுதிக்கோ. எங்க வீட்டுல ரெண்டு. ஒன் அத்தை அவ கவரை அவ கையிலதான் குடுக்கணுங்கா, என்னைய நம்பலை. நாப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துனவ, அவளுக்குத் தெரியாதா?

இன்னொண்ணு, மறந்துட்டேன் பாரு. போன வருசம் மாரியம்மன் பொங்கலுக்கு வீட்டுக்கு ஐநூறுன்னு வரி பிரிச்சீகளே. வழக்கமா எட்டாம் நாள் கோயில் சுவத்துல வரவு செலவு எழுதி ஒட்டுவாக. எங்க அப்பா காலத்துல கருப்பட்டி வாங்குன காலணா வரைக்கும் அதுல இருக்கும். இந்தத் தடவை சுவரு வெள்ளையா இருக்கேன்னு பாத்தேன். ஒட்டுன பசை காத்துல பிஞ்சிருச்சோ என்னமோ. மைக்செட்டுக்காரன் வேற, பாக்கி வரலைன்னு நேத்து என் வாசல்ல வந்து நின்னான். 'இளைய காமராசர்' வீடு எதுன்னு கேட்டான். மோட்டார்ச் சத்தம் வர்ற வீடுன்னு சொல்லி அனுப்பிவச்சேன். வந்தானா?