செப்டம்பர் 28இன் மாகாத்மியம்

எறியப்பட்ட பந்துக்கெல்லாம் குறிப்பெழுதி, அக்குறிப்புகளுக்கும் அட்டவணை எழுதி வைத்திருக்கும் அமெரிக்கர்கள், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் தங்கள் பேஸ்பால் பருவத்தின் கடைசி வாரங்களிலே, செப்டம்பர் 28 என்னும் ஒரு தேதிக்கு மட்டும் தனிச் சாந்நித்தியம் உண்டென்பதைச் சாஸ்திரமாக வகுக்காமல் விட்டது பெருங்குறையே ஆகும். அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற் பிரமாணம் 1938ஆம் ஆண்டினது. சிகாகோவின் ரிக்லி மைதானத்தில், பிட்ஸ்பர்க் அணிக்கு அரை ஆட்டம் பின்தங்கியிருந்த கப்ஸ் அணியினர் ஒன்பதாம் இன்னிங்ஸில் ஐந்துக்கு ஐந்து என்று சமநிலையில் நிற்க, மின்விளக்கு என்பதே அங்கு இல்லாமையால் (அது 1988இல்தான் வந்து சேர்ந்தது) இத்துடன் ஆட்டம் நிற்கும் என்று அம்பயர்கள் தீர்மானித்துவிட்ட அந்தி வேளையில், இருவர் அவுட்டாகித் தமக்கும் இரண்டு ஸ்ட்ரைக்குகள் விழுந்துவிட்ட கேட்சரும் மேனேஜருமாகிய காபி ஹார்ட்நெட், பந்து கண்ணுக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஒரு ஹோம் ரன் அடித்துத் தம் அணியை முதலிடத்துக்கு ஏற்றினார். பிறகு உலகத் தொடரில் நான்கு ஆட்டங்களையும் தோற்றார்களே என்பாருளர். அது அக்டோபர் விவகாரம், நமக்குச் சம்பந்தமில்லை.

இரண்டாம் பிரமாணம் கணிதத்தைச் சார்ந்ததாதலின் சற்று நிதானிக்க வேண்டும். 1941இல், பருவத்தின் கடைசி நாளாகிய அன்று பொழுது விடிந்தபோது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் என்னும் இருபத்து மூன்று வயது வாலிபரின் கணக்கில் 448க்கு 179 ஹிட்கள் இருந்தன. வகுத்தால் .39955, மூன்று தசம ஸ்தானத்துக்கு முழுமைப்படுத்தினால் .400. விருப்பமானால் ஆடாமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மேனேஜர் ஜோ குரோனின் சலுகை அளித்தார். அவ்வாறு உட்கார்ந்திருந்தால், குறைவுபட்ட நானூறு நானூறாகுமா என்று நையாயிகர்கள் இன்றளவும் வாதிட்டுக்கொண்டிருக்கலாம்; ஆனால் அம்மனிதரோ பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டுக்கு ஆறு ஹிட் அடித்து, சராசரியை .406இல் கொண்டு நிறுத்தி, ஒரு நல்ல தர்க்கத்தை முளையிலேயே கிள்ளிவிட்டார். அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் அதன்பின் எவரும் .400ஐத் தொட்டதில்லை. அவரே 1960இல், நாற்பத்திரண்டாம் வயதில், அதே செப்டம்பர் 28இல், பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் தம் இறுதி வாய்ப்பில் 521ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு, ஆரவாரித்த ஜனங்களுக்குத் தொப்பியைக்கூட உயர்த்தாமல் உள்ளே போனார். நியூயார்க்கில் இன்னும் மூன்று ஆட்டங்கள் மீதமிருந்தும் செல்லவில்லை. 28ஐக் கண்டவருக்குப் பிற தேதிகளில் என்ன வேலை?

இனிப் பூர்வபட்சம். பருவம் முடியும் தறுவாயில் அதிசயங்கள் நிகழ்வது இயல்பு, 27க்கும் 29க்கும் இல்லாத பெருமை 28க்கு ஏது என்பர். 27க்குச் சாட்சியாக 1998இல் மார்க் மக்வயர் அடித்த எழுபதாவது ஹோம் ரன்னைக் கொணர்வர். ஊக்கமருந்து உட்கொண்டதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டபடியால் அச்சாட்சி செல்லாது. 29க்கு 1954இல் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த பந்தைக் காட்டுவர். அது உலகத் தொடரில் பிடித்தது, பருவத்துக்குப் புறம்பு.

உண்மையில் சங்கடம் தருவது 2011. செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே ரேஸ் அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முந்தியிருந்த ரெட் சாக்ஸ், கடைசி இரவில் பால்டிமோரில் தோற்க, ஏழு ரன் பின்தங்கிக் கிடந்த ரேஸ் சில நிமிடங்களுக்குள் பன்னிரண்டாம் இன்னிங்ஸில் எவான் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் வென்று ரெட் சாக்ஸின் இடத்தைப் பறித்துக்கொண்டது. ஆனால் கடிகாரத்திலோ அப்போது நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம். தேதி 29 என்று சாதிக்கிறார்கள். நாள் என்பது சூரியோதயம் தொட்டு மறு சூரியோதயம் வரை என்ற நம் பஞ்சாங்கக் கணக்கை அறியாதாரின் ஆட்சேபம் அது. ஃப்ளோரிடாவில் விடிய இன்னும் பல நாழிகை இருந்தது.

எஞ்சுவது 1908, செப்டம்பர் 23. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்க்கில், வெற்றி ரன் வந்துவிட்டதென்றும் ஜனங்கள் மைதானத்துள் புகுந்துவிட்டார்களென்றும் கண்டு, இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பினார். கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்தோடு அந்தப் பேஸை மிதித்து முறையிட, அம்பயர் ஹாங்க் ஓடே அவுட் என்றார். சமனாகப் போன அவ்வாட்டம் அக்டோபர் 8இல் மறுபடி நடந்து ஜயன்ட்ஸ் பட்டத்தையே இழந்தது. இத்தனை பெரிய சம்பவம் ஐந்து நாள் முன்னதாக நேர்ந்தது எங்ஙனம்? இரண்டாம் பேஸை அடையுமுன் வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளை, 28ஐ அடையுமுன் சரித்திரத்துள் நுழைந்ததில் முரண்பாடு ஒன்றுமில்லை. எவர்ஸின் கையிலிருந்தது அடிக்கப்பட்ட பந்துதானா, வேறொரு பந்தா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது தனியே ஆராயத்தக்கது.