உயரவியல்: இணைய நண்பர்களின் முதல் நேர்ச்சந்திப்பு குறித்த ஓர் ஆய்வு

கல்வித் தொழில்நுட்ப மாநாடுகள் எதற்காக நடக்கின்றன என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. நடத்துகிறவர்கள் சொல்வது ஒன்று, போகிறவர்கள் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பது இன்னொன்று, உண்மை மூன்றாவது. முதலிரண்டுக்கும் வழவழப்பான தாளில் அச்சிட்ட சான்றுகள் மலிந்திருப்பதால் அவற்றை விட்டுவிடலாம். உண்மையான காரணம், ஆண்டு முழுவதும் திரையில் மட்டுமே பழகிய சக ஆசிரியர்களை ஒருமுறையாவது முழு உடம்போடு பார்த்துவிடுவது. இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் பின்னாளில் ஐ.எஸ்.டி.இ. என்று அழைக்கப்பட்ட பெருமாநாடு என்.இ.சி.சி. என்ற பழைய பெயரில் 2007-இல் அட்லாண்டாவில் கூடியபோது, இணையத்தில் எழுதும் ஆசிரியர்கள் மாநாட்டுக்கு முன்பாகவே தங்களுக்கென்று ஒரு தனிக்கூட்டம் கூட்டிக்கொண்டார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் மாநாடு தொடங்கும்வரைகூடப் பொறுக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஹாரிசன் ஓவன் என்பவர் இன்னும் முன்பே இதைக் கண்டுகொண்டார். தாம் அரும்பாடுபட்டு நடத்திய ஒரு மாநாட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது காபி இடைவேளைதான் என்று தெரிந்ததும், நிகழ்ச்சி நிரலே இல்லாத ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்ற கூட்டமுறையை 1985-இல் உருவாக்கினார். காபி இடைவேளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டார் என்று சொன்னால் பெரிய பிழையாகாது.

ஆனால் அந்தக் காபி இடைவேளையில், நெடுநாள் பழகியும் கண்டிராத இருவர் எதிர்ப்படும் முதல் அரை நிமிடத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதை அறிவுலகம் உரிய கவனத்தோடு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது துணிபு இது: பெயரை உறுதிசெய்து கொண்டபின் வரும் முதல் வாக்கியம் கல்வியைப் பற்றியதாக இராது, தொழில்நுட்பத்தைப் பற்றியதாகவும் இராது; எதிரில் நிற்பவரின் உயரத்தைப் பற்றியதாகவே இருக்கும். இது இரண்டு வடிவங்களில் வரும். “அட, நீங்க இவ்வளவு உயரமா!” என்பது ஏறுவியப்பு. “நீங்க இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்பது இறங்குவியப்பு. அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. ஆறு ஆண்டுகளாக மதிப்பீட்டு முறைகளைப் பற்றி விவாதித்த இரண்டு முதிர்ந்த கல்வியாளர்கள் இப்படிப் பேசிக்கொள்வது அற்பத்தனமாகப் படலாம். அது அற்பமன்று, தவிர்க்கவே முடியாதது என்று நிறுவுவோம்.

உயரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரை ஏற்கெனவே கொடுத்துவிடுகிறது. முகம் தெரியும். குரல் தெரியும். வகுப்பறைச் சுவரின் நிறம், பூனையின் பெயர், வீட்டுப்பாடம் கொடுக்கலாமா கூடாதா என்பதில் அவருடைய கொள்கை எல்லாம் தெரியும். ஆனால் முகப்புப் படத்துக்கு ட்விட்டர் பரிந்துரைத்த அளவு 400-க்கு 400 பிக்சல். ஐந்தடி ஆசிரியைக்கும் 400 பிக்சல், ஆறடி நான்கங்குல ஆசிரியருக்கும் அதே 400 பிக்சல். மனிதகுலம் உயரத்தில் இத்தனை துல்லியமான சமத்துவத்தை வேறெங்கும் எட்டியதில்லை. காணொளி வந்தபின் இது தீர்ந்திருக்கும் என்று நினைப்பவர்கள் ஜூம் பெட்டிகளை ஒருமுறை உற்றுப் பார்க்கவேண்டும். பெருந்தொற்றால் 2020-இலும் 2021-இலும் ஐ.எஸ்.டி.இ. மாநாடு முழுக்க இணையத்திலேயே நடந்தது. அத்தனை பேரும் ஒரே அளவுப் பெட்டிகளில் மார்பளவுச் சிலைகளாக அமர்ந்திருந்தார்கள். எல்லோருடைய நாற்காலியும் சரிசெய்யக் கூடியது, எல்லோருடைய மடிக்கணினியும் நான்கு தடித்த புத்தகங்களின்மேல் நின்றது என்ற நிலையில், திரையில் தெரியும் தலையின் மட்டத்திலிருந்து உயரத்தைக் கணிக்க முயல்வது சோதிடத்தோடு சேரும்.

தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கும் பழக்கம் மனத்துக்கு இல்லை. எழுத்து வழியாக மட்டும் பழகுகிறவர்கள், கிடைத்த சிறு குறிப்புகளைக் கொண்டு எதிராளியை உள்ளபடியைவிடச் சிறப்பாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று தொடர்பியல் அறிஞர் ஜோசப் வால்தர் 1996-இல் ஒரு கோட்பாடு வகுத்தார். நேரில் பழகுவதைக் காட்டிலும் நெருக்கமானதாகத் தோன்றும் இந்த உறவில், காலியான இடங்களை நாமே நல்ல சாயம் கொண்டு நிரப்புகிறோம். சிறப்பாக என்றால் உயரமாகவா? இதற்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. 1968-இல் வெளியான ஆய்வு ஒன்றில் பால் வில்சன் என்ற உளவியலாளர் ஒரே மனிதரை வெவ்வேறு மாணவர் குழுக்களின்முன் நிறுத்தினார். ஒரு குழுவிடம் அவரை மாணவர் என்றார். இன்னொன்றிடம் விரிவுரையாளர் என்றார். வேறொன்றிடம் பேராசிரியர் என்றார். அவர் போனபின் உயரம் என்ன இருக்கும் என்று கேட்டார். பதவி ஏற ஏற ஆளும் வளர்ந்துகொண்டே போனார். மாணவராக இருந்ததைவிடப் பேராசிரியரானபோது ஏறத்தாழ இரண்டரை அங்குலம் கூடியிருந்தது. கண்ணெதிரே நின்ற ஆளுக்கே இந்த வளர்ச்சி என்றால், கண்ணால் காணாத ஆளுக்கு உச்சவரம்பு ஏது?

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவு முக்கியமானது. சற்று வருத்தத்துக்கும் உரியது. ஒருவரை எவ்வளவு மதித்தோமோ அவ்வளவு உயரமாகக் கற்பனை செய்திருப்போம். ஆகவே இறங்குவியப்புதான் மெய்யான பாராட்டு. “இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்பவர், “உங்களை இதுநாள்வரை பேராசிரியர் தரத்தில் வைத்திருந்தேன்” என்று ஒப்புக்கொள்கிறார். மாறாக, “இவ்வளவு உயரமா!” என்று முகமலர்ந்து கைகுலுக்குபவர், ஆறு ஆண்டுகளாக நம்மை மாணவர் தரத்துக்கு மேல் ஏற்றவில்லை என்பதை அறியாமல் வெளிப்படுத்திவிடுகிறார். உலகம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, உயரமென்று சொல்லப்பட்டவர் மகிழ்ந்துபோவதும் மற்றவர் முகம் சுருங்குவதும் மாநாட்டுத் தாழ்வாரங்களில் அன்றாடக் காட்சி.

இதற்கு மறுப்புகள் எழும். முதல் மறுப்பு பழந்தமிழிலிருந்தே வரக்கூடும். காணாமலே நட்புக் கொண்டவர்களில் தலையாய இணை கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து உறையூருக்குப் புலவர் அன்னத்தைத் தூது விட்டதாகப் புறநானூற்றில் பாட்டே உண்டு. செய்தி கொண்டுபோகும் பறவையை ட்விட்டர் தன் சின்னமாக வைத்துக்கொண்டதற்கு வெகுகாலம் முந்திய ஏற்பாடு. தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் புலவர் சோழனின் பெயரைச் சொல்லுவார் என்று அரசனே பெருமைப்படுகிறான். பயனர் பெயர் வைத்துக்கொள்வதன் மூத்த சான்றாக இதைக் கொள்ள இடமுண்டு. வடக்கிருந்தபோது அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று அரசன் சொன்னது, நெரிசலான அமர்வில் பையை வைத்து நாற்காலி பிடிப்பவர்களுக்கெல்லாம் முன்மாதிரி. அப்படிப்பட்ட பிசிராந்தையார் நேரில் வந்தபோது அங்கிருந்த சான்றோர் அவருடைய உயரத்தைப் பற்றியா கேட்டார்கள்? இத்தனை ஆண்டு ஆகியும் உமக்கு நரையே இல்லையே, அது எப்படி என்றல்லவா கேட்டார்கள்?

இது நம் துணிபை மறுப்பதுபோல் தோன்றி, ஊன்றிப் பார்த்தால் அரண் செய்கிறது. கேட்ட கேள்வி உடம்பைப் பற்றியதே. கொள்கையைப் பற்றியது அன்று. மேலும், வாய்வழியாகப் போய்வந்த செய்திகள் ஆண்டுக்கணக்கைச் சுமந்து வந்தன, தலைமயிரைக் காட்டவில்லை. கணக்கின்படி தலை வெளுத்திருக்க வேண்டும், வெளுக்கவில்லை, ஆகவே வியப்பு. ஒவ்வோர் ஊடகமும் எதை மறைக்கிறதோ அங்கேதான் வியப்பு போய் விழும். அன்னம் நரையை மறைத்தது. வெப்கேம் நரையை ஈவிரக்கமின்றிக் காட்டி உயரத்தை மறைக்கிறது. பழைய முகப்புப் படத்தைப் பத்தாண்டாக மாற்றாதவர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள்தான். அவர்களைக் கண்டதும் வயது மனத்தில் உறைக்கும், வாயில் வராது. எதிராளியின் வயிற்றைப் பற்றியும் வழுக்கையைப் பற்றியும் வாய்விட்டு வியக்க நாகரிகம் இடம் தராதபோது, இடம் தருகிற ஒரே அளவை உயரம்தான்.

இரண்டாம் மறுப்பு நுட்பமானது. மாநாட்டில் முதலில் பார்க்கப்படுவது ஆளையே அன்று, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை என்பார்கள். 15,000-க்கும் மேற்பட்டோர் கூடும் இடத்தில், பழகிய பெயரைத் தேடிக் கண்கள் அந்நியர்களின் வயிற்றுப் பகுதியையே மேய்கின்றன என்பதை மறுக்க முடியாது. அட்டையும் ஒற்றைக் கொக்கியில் தொங்குவதால், பெயர் தேவைப்படும்போது பின்பக்கத்தையே காட்டுவதைத் தன் இயல்பாகக் கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கழுத்துப்பட்டியின் நீளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அமைப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே நீளத்தில்தான் தருகிறார்கள். நெட்டையானவருக்கு அது மார்போடு நின்றுவிடுகிறது. குட்டையானவருக்கு இடுப்பைத் தாண்டி இறங்கி, மேசையில் உட்கார்ந்தால் சாம்பாரில் தோய்கிற ஆபத்தும் உண்டு (அமெரிக்காவில் தக்காளி சூப்). ஆக, பெயரைப் படிக்கப் போன கண் தன்னையறியாமல் ஆளை அளந்துவிட்டே மேலே ஏறுகிறது. அட்டை நம் துணிபுக்குப் போட்டியாக வரவில்லை, அளவுகோலாக வந்திருக்கிறது.

சோபாக்களில் உட்கார்ந்தபடி சந்திப்பவர்கள் விதிவிலக்கு என்று தோன்றலாம். விலக்கன்று, ஒத்திவைப்பு. அவர்கள் ஒரு மணி நேரம் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கண்ணியமாகப் பேசிவிட்டு, அடுத்த அமர்வுக்கு எழுந்து நின்றதும் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

கடைசி மறுப்பு: ஒருமுறை சந்தித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லமாட்டார்களா? சொன்னால் ஓரிரண்டு மாநாடுகளிலேயே எல்லோருடைய உயரமும் எல்லோருக்கும் தெரிந்து, வியப்பு தீர்ந்துவிடாதா? தீரவில்லை, காரணம் செல்ஃபி. சந்திப்பின் ஒரே ஆவணம் அதுதான். கை நீளமென்பதால் உயரமானவரிடம் போன் போகிறது. அவர் முழங்காலை மடக்கிச் சற்றுத் தாழ்கிறார். குட்டையானவர் முன்னால் வந்து குதிகாலை உயர்த்துகிறார். நடுவில் நிற்கும் இருவர் தலையைச் சாய்க்கிறார்கள். நான்கு தலைகளும் ஒரே மட்டத்தில், தோளுக்குக் கீழே எதுவும் இல்லாமல் பதிவாகி, அடுத்த நிமிடமே இணையத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஆண்டு விடுப்பு கிடைக்காமல் வீட்டிலிருந்து அதைப் பார்த்து இதயக்குறி இடுகிற ஐந்தாவது நண்பர், நால்வரும் ஏறக்குறைய ஒரே உயரம் போலிருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார்.