சங்கு ஊதினால் சங்கீதமா?

கேள்வி: தேயிலை ஃபாக்டரி இரைச்சலைப் பதிவுசெய்து 'ஒலிக்கலை' என்கிறார்களாமே, இதெல்லாம் இசையா?
- ஒரு வாசகர், ஆனைக்கரை

பதில்: இந்தச் சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது சார். 1913-இலேயே இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, 'இரைச்சலும் இசைதான்' என்று அறிக்கை விட்டார். உறுமவும் சீறவும் பெட்டிகளே செய்தார். 1922 நவம்பர் 7 அன்று பாக்கு நகரில் அர்செனி அவ்ராமோவ், ஆலைச் சங்கு, கப்பல் ஊதல், பீரங்கி எல்லாம் சேர்த்து ஊரளவு கச்சேரி நடத்தினார். (துக்கடா கேட்க யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?) 1948-இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளை இசைத்தட்டில் சுழலவிட்டே ஒரு படைப்பைச் செய்தார்.

நாம் மட்டும் குறைந்தவர்களா? ஆலை சைரனுக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்தவர்களாயிற்றே! உங்கள் மலையில் இலை வாட்டும் விசிறி விடாமல் சுருதி பிடிக்கிறது. ரோலர் உருட்டுவது மிருதங்கம், சல்லடை குலுங்குவது கஞ்சிரா. டிக்கெட் வாங்கிக் கேட்பவருக்கு அது கலை. உள்ளே நிற்கும் தொழிலாளிக்கு ஷிப்ட். அவர் காதுக்கு, 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதிகள் தரும் உச்ச வரம்பு.

திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷமும் நான் ஊர்ப் பக்கம் போகவேண்டும்.