இன்னும் பத்தே பத்துப் பேருக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸில் ஒருவரை "நிலையில்லாத ஆள்" என்று சொன்னால் அது லேசான வசவு ஆகாது. 1978 முதல் 2013 வரை ஒரே மனிதரை, அப்துல்லா அகமது படாவியை, நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்த தொகுதி அது. அவரும் சலிக்காமல் போய்வந்து, நடுவில் பிரதமராகவும் இருந்துவிட்டார். சுற்றிலும் வயல், நட்டால் அறுப்பு வரை காத்திருக்கிற மண். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிய டிவி ஷாப்பிங் தொகுப்பாளர் ஒருவரின் பிழைப்பு வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். பள்ளி விடுமுறையில் இரவுச் சந்தைத் துணிக்கடைக்குக் கூவியவர். பிறகு கல்யாண மண்டபங்களில் நெறியாளர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கி. சிறிது காலம் வானொலி விளம்பரக் குரல். காப்புறுதி முகவர். வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி. ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மூன்றாவது போலீஸ்காரர். அப்புறம் கோலாலம்பூரில் நான்ஸ்டிக் சட்டி. இப்போது கைப்பேசியைத் தாங்கியில் மாட்டிக்கொண்டு நேரலை. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று கேட்டால் அம்மா "டிவியில" என்பார், அப்பா "பிசினஸ்" என்பார், தாய்மாமன் இருமுவார். வங்கிப் பாரத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அவருக்கே தெரியாது. அந்தக் கட்டம் மிகவும் சிறியது.

இந்த வகை மனிதரைப் பற்றி ஊரும் உறவும் சொல்வது ஒன்றுதான்: எதிலும் ஒட்டாதவர், தொழிலை அடிக்கடி மாற்றுபவர். என் கட்சி நேர் எதிர். இவர் தொழிலை ஒரு முறைகூட மாற்றியதில்லை. போகிற ஆளைக் குரலால் நிறுத்தி, அவர் மனம் மாறும் வரை நகரவிடாமல் வைத்திருப்பதுதான் இவர் கற்ற ஒரே வித்தை. சந்தையில் துணிக்காக நிறுத்தினார். மண்டபத்தில், பிரியாணி வந்து சேரும் வரை மொய்க் கவரோடு வந்தவர்களை நிறுத்தினார். பந்தலில், காணாமல் போன குழந்தையின் தாய் வந்து சேரும் வரை குழந்தையை அழாமல் நிறுத்தினார். மாறியதெல்லாம் ஒலிவாங்கியும் சம்பளம் கொடுப்பவரும்தான். தச்சர் ஒரு வருஷம் நாற்காலியும் மறு வருஷம் கதவும் செய்தால் அவரை யாரும் நிலையில்லாதவர் என்பதில்லையே.

இந்தத் தொழில் பிறந்த கதையே என் பக்கம் சாட்சி சொல்லும். 1977இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் கிளியர்வாட்டரில் ஒரு சிறு வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்த கடைக்காரரிடம் காசில்லை. பாக்கிக்குப் பதிலாக டின் திறக்கும் மின்கருவிகள் 112 கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் வெண்ணெய்ப்பழப் பச்சை. நிலைய உரிமையாளர் லோவல் பாக்ஸன் அவற்றைத் தன் தொகுப்பாளர் பாப் சர்கோஸ்டாவிடம் தள்ளி, ஒன்று 9 டாலர் 95 சென்ட் என்று வானொலியில் விற்கச் சொன்னார். அத்தனையும் விற்றுப்போயின. அந்த மனிதர் ஒலிபரப்புக்கு வந்தது டின் திறப்பான் விற்கவா? ஆனாலும் 1982இல் அதே ஊரில் முழுநேர விற்பனைத் தொலைக்காட்சி தொடங்கியபோது முதல் தொகுப்பாளர் அவர்தான். பின்னாளில் புகழ்பெற்ற பில்லி மேஸ் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைமேடையில் கூவி விற்றுப் பழகியவர். காய்கறி நறுக்கும் கருவிகளால் கோடீஸ்வரரான ரான் போபீல், சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் பாடம் படித்தவர். தொலைக்காட்சி இவர்களை உருவாக்கவில்லை; சந்தையில் ஏற்கெனவே உருவாகி நின்றவர்களைக் கூப்பிட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியது.

நம் பக்கத்து மூதாதையர் இன்னும் பழையவர்: மோடி மஸ்தான். கூடைக்குள் பாம்பு, முளையில் கட்டிய கீரி, சுற்றிலும் வட்டம். இதோ சண்டை, இப்போது சண்டை என்று சொல்லியே தாயத்து முழுவதையும் விற்றுவிட்டு மூட்டை கட்டுவார். கீரியும் பாம்பும் கடைசி வரை முகம் பார்த்துக்கொண்டதில்லை. ஒருவேளை அவை நெருங்கிய நண்பர்களாகவும் இருந்திருக்கலாம். வட்டத்தை விட்டு நடுவில் போகிறவன் ரத்தம் கக்குவான் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்று திரையின் ஓரத்தில் ஓடும் 'இன்னும் 04:59' என்ற கடிகாரம் அந்த எச்சரிக்கையின் நாகரிகமான பேரன். மிச்சமிருப்பது இன்னும் பத்தே பத்துப் பேருக்கு மட்டும் என்பது பேத்தி.

மலேசியாவில் இந்தக் குடும்பத்துக்கு 2015இல் மாளிகை கிடைத்தது. ஆஸ்ட்ரோ நிறுவனம் கொரியாவின் ஜி.எஸ். ஷாப்புடன் சேர்ந்து 'கோ ஷாப்' தொடங்கியது. மறு வருஷமே மீடியா பிரிமா இன்னொரு கொரிய நிறுவனமான சி.ஜே.யுடன் 'வாவ் ஷாப்' கொண்டுவந்தது. மலாய்க்கும் சீனத்துக்கும் இடம் கிடைத்தது. தமிழுக்கென்று தனி அலைவரிசை வரவில்லை. அதனால் நம்மவர் போன்றவர்கள் மலாயில் விற்றார்கள், இடையிடையே ஒரு தமிழ் "ஐயோ"வைச் சேர்த்து. அந்த ஐயோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதே இல்லை.

படப்பிடிப்புக் கூடத்தில் இவர் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் வித்தை புரியும். வலது கை சட்டியைப் பிடித்திருக்கும். பிராண்டு பெயர் எப்போதும் கேமராவைப் பார்க்கும்படி மணிக்கட்டு தானாகத் திரும்பும். வீட்டில் பசியாறும்போதுகூட இவர் கோப்பையை அப்படித்தான் பிடிப்பார் என்பது மனைவியின் புகார். முட்டையை உடைத்து ஊற்றி, எண்ணெய் இல்லாமல், சட்டியைச் சாய்த்துச் சறுக்கவிடுவார். காதில் சின்னக் கருவி. அதில் தயாரிப்பாளர் அழைப்புகள் ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லிக்கொண்டே இருப்பார். "மாமியார்" என்று சொன்னபோது அழைப்பு ஏறியதா? அடுத்த ஒன்றரை நிமிடத்துக்கு மாமியார் போகமாட்டார். அவர் கழுவுவார், துடைப்பார், கடைசியில் மருமகளைப் பாராட்டவும் செய்வார். "உறுதி" என்றபோது இறங்கியதா? அந்தச் சொல் அன்றைக்கு அகராதியிலேயே இல்லை. முகத்தில் சிரிப்பு, வாயில் ஒரு வாக்கியம், காதில் இன்னொருவர் வாக்கியம், கையில் சூடான முட்டை. ஒரு பொருளைப் பற்றி அரை மணி நேரம் விடாமல் பேச, அதுவும் சொன்னதையே சொல்லும்போது புதிதாகச் சொல்வதுபோல் வியக்க, நம்மில் எத்தனை பேரால் முடியும்? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வருவதற்கு முக்கால் மணி நேரம் தாமதமானபோது கைவசப்பட்ட கலை அது.

கணக்கிலும் இவர் கெட்டி. சட்டியின் விலை 99 வெள்ளி 90 காசு. ஏன் 99 காசாக வைக்கவில்லை என்றால், 2008 ஏப்ரல் முதல் இந்த நாட்டில் ரொக்கக் கணக்கை 5 காசுக்குச் சரிசெய்கிறார்கள். 99 வெள்ளி 99 காசு என்றால் கல்லாவில் 100 ஆகிவிடும், மந்திரம் போய்விடும். அந்த விலையை 12 தவணையாக்கினால் மாதம் 8 வெள்ளி 33 காசு. அதையும் நாளாக்கினால் 28 காசு. "ஒரு நாளைக்கு முப்பது காசு வராது, அக்கா! தே தாரிக்கில் பாதி டம்ளர் கிடைக்குமா?" என்று கேட்கும்போது சட்டி ஏறக்குறைய இலவசமாகி, வாங்காமலிருப்பதுதான் நஷ்டம் என்ற நிலை வந்துவிடும். இதே கணிதத்தை நிதியமைச்சர்கள் செய்தால் அதற்கு வரவுசெலவுத் திட்டம் என்று பெயர்.

இங்கே எதிர்க்கட்சி எழுந்து நிற்கும்: இதெல்லாம் பேச்சுத் திறமையா, பித்தலாட்டமா? பினாங்கில் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும் வரை பல்லாண்டுகள் அதன் தலைவராக இருந்து, தேவையில்லாததை வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நம்மவர் விற்கும் சரக்கில் முக்கால்வாசி அந்தப் பட்டியலில் அடங்கும். அதுபோக, 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. சர்க்கரை வியாதி, புற்றுநோய், ஆஸ்துமா உட்பட 20 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. மருந்து விளம்பரத்துக்கு அதற்கான வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். ஆகவே சத்துமாவு விற்கிற நாளில் இவர் படும் பாடு தனி. "அக்கா, நான் ஒண்ணும் சொல்லலை. இனிப்பு நீர்னு என் வாயால வரலை. எங்க பெரியம்மா குடிச்சாங்க, இப்ப நடக்கிறாங்க. அவ்வளவுதான்." பெரியம்மா அதற்கு முன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார் என்பதை அவர் மறுக்கவே இல்லை, கவனியுங்கள்.

இதில் நான் எல்லாவற்றையும் நியாயப்படுத்த வரவில்லை. சட்டிக்கும் சத்துமாவுக்கும் ஒரு கோடு உண்டு. முட்டை ஒட்டினால் அன்று மாலையே வீட்டில் தெரிந்துவிடும், சட்டியைத் திருப்பி அனுப்பலாம். மருந்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்குத் தெரியவரும் நாளில் திருப்ப எதுவும் மிஞ்சாது. இந்தியாவிலும் இந்தக் கோடு நீதிமன்றம் வரை போனது. இரவு முழுக்க உதடும் வசனமும் ஒட்டாத 'டப்பிங்' விளம்பரங்களில் அனுமான் சாலிசா யந்திரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி அற்புத சக்தி உண்டென்று தொலைக்காட்சியில் விற்பது சட்டவிரோதம் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தீர்ப்பளித்தது. அந்த யந்திரத்தை விற்கவும் குரல் தேவைப்பட்டது, உண்மை. ஆனால் குற்றம் சரக்கின்மேல் விழ வேண்டும். நிறுத்தி வைக்கும் கலையின்மேல் விழுந்தால், அதே கலையால் ஓட்டு வாங்குகிறவர்களையும் உண்டியல் நிரப்புகிறவர்களையும் சேர்த்துத்தான் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். கூண்டு போதாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நாசூக்கானது: இவருக்கு எந்தப் பொருளும் முழுதாகத் தெரியாது, நேற்று சட்டி, இன்று தலையணை, நாளை பூட்டு. சரி, தெரியாதுதான். ஆனால் வாங்குகிறவர் அதற்காகவா பார்க்கிறார்? சீனாவில் 2021இல் அரசு தனிப்பயிற்சித் தொழிலை முடக்கியபோது நியூ ஓரியன்டல் நிறுவனத்தின் ஆங்கில ஆசிரியர்கள் நேரலை விற்பனைக்குத் திரும்பினார்கள். அவர்களில் தோங் யூஹுய் என்பவர் அரிசியும் மக்காச்சோளமும் விற்றுக்கொண்டே ஆங்கிலமும் இலக்கியமும் பேச, 2022இல் நாடே கேட்டது. அவருக்கு அரிசியைப் பற்றி விவசாயிக்கு மேல் தெரியுமா என்ன? மக்கள் ஒரு வாத்தியாரின் குரலை வாங்கினார்கள், கூடவே அரிசி வந்தது. அதே நிறுவனத்தில் முன்பு ஆங்கிலம் கற்பித்த லுவோ யோங்ஹாவ், கைப்பேசி நிறுவனம் தொடங்கி, 60 கோடி யுவான் கடனில் மூழ்கி, 2020 ஏப்ரல் 1 அன்று நேரலைக்கு வந்து விற்றே கடனை அடைக்கத் தொடங்கினார். இவர்களை யாரும் நிலையில்லாதவர் என்பதில்லை. தொகை பெரிதானால் வசவு விருதாகிவிடுகிறது. பொருளை நன்றாகத் தெரிந்தவர் கதியையும் பார்த்தோம். லோரியால் கடையில் உதட்டுச்சாயம் விற்று வளர்ந்த லீ ஜியாச்சி, 2023 செப்டம்பரில் 79 யுவான் புருவப் பென்சில் விலை அதிகம் என்று சொன்ன ஒருவரிடம், இத்தனை வருஷம் ஒழுங்காக உழைத்தாயா என்று யோசித்துப் பார் என்றார். பிறகு அழுது மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. நம் கெப்பாலா பத்தாஸ்காரர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார். விலை அதிகம் என்றால், "ஆமாக்கா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று வாடிக்கையாளர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். இரவுச் சந்தையில் படித்தவருக்கும் கடைக்கூடத்தில் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் உண்மையில் சுடுகிறது. கோ ஷாப் 2023 அக்டோபரில் மூடிவிட்டது. வாவ் ஷாப்பில் சி.ஜே. அதற்கு முன்பே பங்கை விட்டு விலகிவிட்டது. ஊழியர் சேமநிதி, மருத்துவ அட்டை, ஓய்வூதியம் என்று எதுவும் கூட வராத பிழைப்பு இது என்றால், அப்படித்தான். இதை மறுத்து நான் வாதாடப் போவதில்லை. ஆனால் மூடியது அலைவரிசை. கோடிக் கணக்கில் முதல் போட்டது, கொரியாக்காரர் கைகொடுத்தது, செயற்கைக்கோள் வைத்திருந்தது. ஒன்பது வருஷம் தாங்கவில்லை. ஒரு தொண்டையும் நாலு சட்டையும் மட்டும் வைத்திருந்தவர் மறு வாரமே தாமான் வீட்டின் முன்னறையில் வளைய விளக்கை மாட்டி, டிக்டாக்கில் "மஞ்சள் பையை அமுக்குங்க, மஞ்சள் பை!" என்று தொடங்கிவிட்டார். நிலைத்து நின்றது யார் என்று தாய்மாமன்தான் சொல்ல வேண்டும்.

2025 ஜூனில் புதிய பூதம் கிளம்பியது. அதே லுவோ யோங்ஹாவின் கணினிப் பிரதி, பைடு தளத்தில் சில மணி நேரத்திலேயே 5.5 கோடி யுவானுக்கு விற்றுத் தள்ளியதாம். தண்ணீர் கேட்காது, தொண்டை கட்டாது, மாமியார் கதையை ஒரே இரவில் நானூறு தடவை சலிக்காமல் சொல்லும். இனி மனிதக் குரலுக்கு வேலை இருக்காது என்கிறார்கள். நம்மவர் இதற்கெல்லாம் கலங்கியதாகத் தெரியவில்லை. அந்தப் பொம்மை தமிழ்நாட்டுத் தமிழில் பேசினால் பாகான் டாலாமிலிருந்து பெர்த்தாம் வரை ஒருவரும் ஒரு நிமிடம் நிற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். உள்ளூர்த் தமிழ் பேச, ஆள் வைத்துக் குரல் பதிவு செய்தாக வேண்டும். விண்ணப்பம் போட்டாயிற்று, தொழில் என்ற கட்டத்தில் இந்த முறை 'மேற்படி' என்று எழுதியிருக்கிறார்.